சிகரெட் வரி ஏறினால் என்ன ஆகும்? கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி

"வரியை ஏற்றினால் யாரும் சிகரெட்டை விடப்போவதில்லை, கள்ளச் சரக்குதான் பெருகும்." வரிப் புள்ளிவிவரங்களோடு வேலை செய்பவன் என்பதால் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். இதைச் சரிபார்க்க நான் போடும் கணக்கை நீங்களும் போடலாம்.

முதலில் விலை நெகிழ்ச்சி, அதாவது விலை ஏறும்போது தேவை எந்த அளவுக்குக் குறைகிறது என்பது. விலை 10 சதவீதம் ஏறினால் பணக்கார நாடுகளில் சிகரெட் தேவை சுமார் 4 சதவீதம் குறையும். மற்ற நாடுகளில் 5 சதவீதத்தை ஒட்டி. ஒரு பாக்கெட் விலை 100, அதில் வரி 60 என்று வையுங்கள். வரியை 80 ஆக்கினால் விலை 120. நெகிழ்ச்சி 0.4 (10-க்கு 4) என்றால், 100 பாக்கெட் விற்ற இடத்தில் 92 விற்கும். வரி வருமானம் 6,000-லிருந்து 7,360 ஆகும். விற்பனை குறைந்தும் வருமானம் ஏறுகிறது, பாருங்கள்.

ஒரு வருடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பழக்கத்துக்கு அடிமையானவர் விலை ஏறிய மறுநாளே விட்டுவிட மாட்டார். பொருளாதார அறிஞர்கள் பெக்கர், கிராஸ்மன், மர்ஃபி மூவரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், நீண்டகால நெகிழ்ச்சி குறுகியகாலத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. பதின்வயதினரிடம் விலை இன்னும் பலமாக வேலை செய்யும். கையில் காசு குறைவு, பழக்கமும் இறுகவில்லை. இந்த விவாதத்தில் எனக்கு முக்கியம் அவர்கள்தான்.

சரி, கள்ளச் சந்தைக்கு வருவோம். பலரும் சறுக்குவது இங்கேதான். வரி கட்டிய விற்பனை குறைந்தால் புகைப்பதும் அதே அளவு குறைந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலர் கடத்தல் சரக்குக்குத் தாவியிருக்கலாம். அதனால் விற்பனைக் கணக்கையும், மக்களிடம் கேட்டு எடுத்த நுகர்வுக் கணக்கெடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எவ்வளவு பிடிக்கிறோம் என்பதை மக்கள் குறைத்தே சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைத்துச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு, மாற்றத்தை மட்டும் ஒப்பிடுங்கள். விற்பனை 20 சதவீதம் விழுந்து, நுகர்வு 8 சதவீதம்தான் விழுந்தது என்றால், மீதியில் பெரும்பகுதி கள்ளச் சந்தைக்குப் போயிருக்கும்.

அப்புறம், அந்த நாட்டில் கண்காணிப்பு எப்படி என்று பாருங்கள். கனடா 1994-ல் கடத்தலை ஒழிக்க வரியையே குறைத்தது. இளைஞர்களிடம் புகைப்பது கூடியது. பிரிட்டனில் 2000 வாக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு சிகரெட் கள்ளச் சரக்கு. வரியை இறக்காமல் சுங்கக் காவலை இறுக்கினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அந்தப் பங்கு பாதியானது. ஆஸ்திரேலியாவின் அனுபவம் வேறு. மிக உயர்ந்த வரி, பெருகிய கள்ளச் சந்தை, சில வருடங்களாகச் சரியும் சிகரெட் வரி வருமானம். வரியை ஆதரிக்கும் நாம் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

"கள்ளச் சிகரெட் இத்தனை சதவீதம்" என்று எண் வந்தால், அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்று தேடுங்கள். சிகரெட் நிறுவனங்கள் எடுக்கவைத்த மதிப்பீடுகள், பல நாடுகளில் சுயேச்சையான ஆய்வுகளைவிட அதிகமாகவே வந்திருக்கின்றன. தெருவில் கிடக்கும் காலிப் பாக்கெட்டுகளைப் பொறுக்கி, அதில் வரி கட்டாதவை எத்தனை என்று எண்ணிய ஆய்வு என்றால், எந்தெந்த இடங்களில் பொறுக்கினார்கள் என்பதையும் பாருங்கள்.