நீர் சரியாகப் பிரியவில்லையா? புராஸ்டேட் வீக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையின் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ அறுபது வயதுக்காரர் ஒருவர் ராத்திரி நாலு முறை எழுந்து பாத்ரூம் போனால், வீட்டில் முதலில் வரும் பேச்சு "சூடு பிடிச்சிருக்கும்". அடுத்தது "சுகர் ஏறியிருக்கும்". இளநீர், நீர்மோர், வெந்தயம் என்று மாதங்கள் ஓடிவிடும். புராஸ்டேட் பற்றிய நினைப்பே வராது.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, நீர் வெளியேறும் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி அது. இளவயதில் சுமார் 20 கிராம் இருக்கும். வயது ஏற ஏறப் பெருக்கும். அறுபதை எட்டும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெருத்திருக்கும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் வளரும் சதை குழாயை நெருக்குவதால், நீரைத் தள்ளச் சிறுநீர்ப்பை கூடுதலாக உழைக்கிறது. அதன் சுவர் தடித்து, பிறகு களைத்து, போய் வந்த பின்னும் உள்ளே நீர் தேங்கி நிற்கிறது. கிருமித் தொற்று, கல், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் இந்தத் தேக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன. எத்தனை முறை போகிறோம் என்று மட்டும் எண்ணாமல், பை எவ்வளவு காலியாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சுகர் மேல் பழி போடுவது

சுகர் ஏறினால் ஒவ்வொரு முறையும் நிறைய நீர் போகும், தாகமும் இருக்கும். புராஸ்டேட் அடைத்தால் அடிக்கடி போனாலும் கொஞ்சம்தான் வரும். நின்ற பிறகு நீர் வரத் தாமதமாகும், வேகம் குறையும், விட்டு விட்டு வரும், முடிந்துவிட்டது என்று திரும்பினால் லுங்கியில் சொட்டும். பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதால்தான் குழப்பம். கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்றை எடுத்து, மூன்று நாளைக்கு ஒவ்வொரு முறையும் நேரத்தையும் அளவையும் நோட்டில் குறியுங்கள். இரவில் மட்டும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால், காரணம் கால்வீக்கமாகவோ இதயமாகவோ குறட்டையோடு வரும் மூச்சுத்திணறலாகவோகூட இருக்கலாம். பிரஷருக்கான நீர் மாத்திரையை ராத்திரியில் போடுகிறாரா, டாபாகிளிஃப்ளோசின் போல நீரை அதிகமாக்கும் சுகர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் அந்த நோட்டில் எழுதுங்கள். டாக்டருக்கு இந்த ஒரு பக்கம் மிகவும் உதவும்.

தண்ணீரைக் குறைப்பது

துறைமுகத்துக்கு வெளியே எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் ஓட்டுநர்கள், ஆட்டோக்காரர்கள், மணலி ஆலைகளில் வெயிலில் வேலை செய்பவர்கள் எல்லோரும் பாத்ரூம் கிடைக்காது என்று தண்ணீரைக் குடிக்காமல் விடுகிறார்கள். வந்ததை அடக்கியும் வைக்கிறார்கள். நீர் கெட்டியாகி எரிச்சல் கூடுகிறது, நிறைந்து விரிந்த பை மேலும் சோர்கிறது. நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், வெயிலில் வேலை என்றால் இன்னும் கூடுதலாகக் குடியுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் டாக்டர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும். குறைக்க வேண்டியது படுப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய தண்ணீரையும் மாலைக்குப் பிந்தைய டீ, காபியையும்தான். இளநீரிலும் ஒரு எச்சரிக்கை: சிறுநீரகம் ஏற்கெனவே பாதித்திருந்தால் அதிலுள்ள பொட்டாசியம் ஆபத்தாகும்.

சளி மாத்திரை

ஐப்பசி, கார்த்திகை மழையில் சளி பிடித்ததும் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டு, அன்று ராத்திரியே நீர் முழுதாக நின்றுபோனவர்கள் உண்டு. அந்த மாத்திரைகளில் உள்ள ஃபினைல்எஃப்ரின் குழாயின் வாயை இறுக்கும். குளோர்ஃபெனிரமின் பையின் தள்ளும் பலத்தைக் குறைக்கும். நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலினும் இப்படிச் செய்யலாம். புராஸ்டேட் வீக்கம் இருக்கிறது என்று கடைக்காரரிடமும் டாக்டரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தவறாகப் படிப்பது

"கிரேடு 2" என்று பார்த்ததும் குடும்பமே கலங்குகிறது. அந்த கிரேடு அளவை மட்டும் சொல்கிறது. 30 கிராமிலேயே அடைபட்டவர்களும் உண்டு, 80 கிராமிலும் தாராளமாகப் போகிறவர்களும் உண்டு. நீங்கள் தேட வேண்டியது நீர் கழித்த பிறகு மிச்சம் எத்தனை மில்லி என்ற வரி. 50 மில்லிக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 200, 300 என்று ஏறினால் தள்ளிப்போடக் கூடாது.

இங்கே ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. ஸ்கேன் சென்டரில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்து, தாங்க முடியாத அளவுக்கு நிறைந்த பிறகு கழித்தால், விரிந்துபோன பை முழுதாகச் சுருங்காமல் மிச்சம் அதிகமாகக் காட்டும். வழக்கமான அவசரம் வந்ததும் சொல்லுங்கள். அவசரமில்லாமல் கழித்துவிட்டு, உடனே அளக்கச் சொல்லுங்கள். எண் பெரிதாக வந்தால் இன்னொரு முறை பார்க்கக் கேளுங்கள்.

புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை நீர்த்தொற்று இருக்கும்போதும், நீர் இறங்க டியூப் போட்ட உடனேயும் எடுத்தால் எண் பொய்யாக ஏறும். ஏறினாலே புற்றுநோய் என்றும் இல்லை. சுரப்பியைச் சுருக்கும் டுடாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு மாத்திரைகளை ஆறு மாதம் சாப்பிட்டவருக்கு அந்த எண் பாதியாகக் குறையும். மாத்திரை விவரத்தைச் சொல்லாவிட்டால், கவனிக்க வேண்டிய எண்கூட நல்ல எண்ணாகத் தெரியும்.

மாத்திரையைப் பாதியில் விடுவது

டாம்சுலோசின் போன்றவை குழாயைச் சுற்றிய தசையைத் தளர்த்தும். சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் பலன் தெரியும். டுடாஸ்டெரைடு சுரப்பியைச் சுருக்க ஆறு மாதம் வரை ஆகும். ஒரு மாதத்தில் "வேலை செய்யலை" என்று நிறுத்துவது இதைத்தான். டாம்சுலோசினைத் தினமும் ஒரே வேளை சாப்பாட்டுக்கு அரை மணி கழித்துப் போடுங்கள், படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள், தலை சுற்றும். விந்து வெளிவருவது குறையலாம், பயப்பட வேண்டாம். கண்புரை ஆபரேஷனுக்கு முன் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் டாக்டரிடம் சொல்வது கட்டாயம், ஆபரேஷனின்போது கண்பாவை சுருங்கிச் சிக்கல் தரும்.

வலி இல்லை என்று காத்திருப்பது

அடிவயிறு கல்லாகி ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அது அவசர சிகிச்சை. சுடுநீர் ஒத்தடம் கொடுத்து விடியும்வரை காத்திருக்காமல், 108-ஐ அழைத்தோ ஆட்டோவிலோ உடனே கிளம்புங்கள். டியூப் போட்டால் நிமிடங்களில் நிம்மதி கிடைக்கும்.

இதைவிட ஏமாற்றுவது வலியில்லாத தேக்கம். பெரியவர் இரவில் அறியாமல் படுக்கையை நனைக்கிறார், பசி குறைகிறது, கால் வீங்குகிறது. வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். பை நிரம்பி வழிவதுதான் அந்த நனைப்பு. பின்னழுத்தம் சிறுநீரகத்தை அரித்துக்கொண்டிருக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்க வேண்டும், அந்த வாரமே. நீரில் ரத்தம் ஒரே ஒரு முறை தெரிந்து நின்றிருந்தாலும் காட்டியே ஆக வேண்டும், புகைப்பவர்கள் குறிப்பாக.

பழைய ஜெயில் ரோட்டில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் யூராலஜி (சிறுநீர்ப் பாதை, புராஸ்டேட்) பிரிவு இருக்கிறது. நெஃப்ராலஜி (சிறுநீரக நோய்) வரிசையில் நின்று நேரத்தை இழக்காதீர்கள். மாத்திரை அட்டைகள், பழைய ஸ்கேன், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, அந்த மூன்று நாள் நோட்டு, எல்லாம் கையில் இருக்கட்டும். ஆபரேஷன் சொன்னால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாமல் இதய டாக்டரையும் கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நாலு முதல் ஆறு வாரம் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம், டூவீலரும் வேண்டாம். நீர்க்குழாய் வழியே கருவியை விட்டுச் சதையைச் சீவியெடுக்கும் டி.யு.ஆர்.பி. போன்ற ஆபரேஷனில் எடுத்த சதையின் பயாப்சி ரிப்போர்ட்டை மறக்காமல் வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள்.