ரங்கூன் மழையில் ஆங்கிலப் புத்தகங்களைக் காப்பாற்றுவது எப்படி

எங்கள் சிறிய ஆங்கில நூலகத்தின் இந்த மாதப் பெரிய செய்தி, மழை பிடித்துக்கொண்டதுதான். மே நடுவில் தொடங்கினால் அக்டோபர் வரை விடாது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் ஊர் இது. சென்னையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த புத்தகங்கள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகத் தயாராகும் பிள்ளைகள் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கான புத்தகத்துக்காக வரிசையில் காத்திருக்கிறார்கள். ஒன்று போனால் மறுபடி கிடைப்பது கஷ்டம். அதனால் தட்டோன், மொளமேன் போன்ற மற்ற பர்மா ஊர்களில் கோயில் அறையிலும் வீட்டிலும் இப்படி நாலு அலமாரி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மழை வந்ததும் பீரோவைப் பூட்டி, உள்ளே நாப்தலின் உருண்டை போடுவது நம் வழக்கம். தயவுசெய்து அதை விடுங்கள். அந்த நெடி பிள்ளைகளுக்கு ஆகாது. பூஞ்சைக்கும் அது மருந்தில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் படாத புத்தகத்திலும் பூஞ்சை வரும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்று, காற்றும் அசையாமல் இருந்தால் அதற்குப் போதும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை அலமாரிக்குள்ளேயே மாட்டுங்கள். உள்ளே இருப்பதைவிட வெளியே ஈரம் குறைவாக இருக்கும் நேரத்தில், மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் வேளையில், கதவையும் ஜன்னலையும் திறந்துவிடுங்கள். கரண்ட் இருக்கும்போது ஃபேன் ஓடட்டும்.

அலமாரி சுவரை ஒட்டி நிற்கக்கூடாது. நாலு விரல் இடைவெளி வேண்டும். தென்மேற்குக் காற்று அடிக்கும் வெளிச்சுவர்ப் பக்கம் வைக்கவே வேண்டாம். தெருத் தண்ணீர் உள்ளே வருகிற கட்டடமானால் கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள். புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள், ஒன்றை உருவினால் பக்கத்தில் இருப்பது லேசாகச் சாய வேண்டும்.

இரவல் கொடுக்கும்போது பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுக்கிறோம். கூடவே, "வீட்டுக்குப் போனதும் பையிலிருந்து எடுத்துடும்மா" என்று சொல்லியே அனுப்புகிறேன். பைக்குள் கிடந்தால் புத்தகம் வேர்த்துவிடும். திரும்பி வரும் புத்தகம் அன்றே அலமாரிக்குப் போகாது. மேஜையில் தனியே இருந்து காய்ந்த பிறகுதான்.

சரி, நனைந்தே வந்துவிட்டால்? முதலில் தாளைப் பாருங்கள். சாதா தாள் என்றால் நேரம் இருக்கிறது: இருபது பக்கத்துக்கு ஒன்றாக அச்சடிக்காத வெள்ளைத் தாளைச் செருகி, ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். தண்ணீர் வடிந்ததும் விசிறிபோல விரித்து நிற்க வையுங்கள். ஃபேன் காற்று நேராகப் படவேண்டாம். முக்கால்வாசி காய்ந்ததும் கனம் வைத்து அழுத்தினால் வளைவு குறையும். வெயிலில் போட்டால் அட்டை முறுக்கிக்கொள்ளும்.

பளபளக்கும் தாள் அப்படியில்லை. படம் போட்ட இலக்கணப் புத்தகங்களும் குழந்தைக் கதைகளும் இந்த ரகம்தான். ஒட்டியபடி காய்ந்தால் மொத்தமும் ஒரே கட்டி, அப்புறம் பிரிக்கவே முடியாது. ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, இடையில் மெழுகுத்தாள் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் அவகாசம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே கரண்டை நம்பி அப்படிச் செய்ய முடியாது. எது நனைந்தாலும் இரண்டு நாளுக்குள் பூஞ்சை தலைகாட்டும், அதனால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதைப் பாருங்கள்.

பூஞ்சை வந்துவிட்டால் ஈரத்தோடு துடைக்காதீர்கள், தாளுக்குள் இறங்கிவிடும். காயவிட்டு, வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

பன்சோடன் தெரு நடைபாதையில் வாங்கும் பழைய புத்தகங்களை இரண்டு வாரம் தனியே வைத்து, முதுகுப் பக்கம் மாவுபோல ஏதாவது உதிர்கிறதா, தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி ஓடுகிறதா என்று பார்த்த பிறகே சேருங்கள். வேப்பிலை, வசம்பு வைப்பவர்கள் தாராளமாக வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. கிழிந்த பக்கத்துக்கு செல்லோடேப் வேண்டாம். இந்தப் புழுக்கத்தில் பசை கசிந்து பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும்.

புத்தகம் அனுப்ப நினைக்கும் வெளிநாட்டு அன்பர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் அனுப்புங்கள். இப்போதைக்கு மெழுகுத்தாளும் ஈரப்பதமானியும் யாராவது கொண்டுவந்தால் பெரிய உதவி.