கைப்பேசி பேட்டரி நீடிக்க, சார்ஜை 80இல் நிறுத்துங்கள்

லித்தியம் அயனி பேட்டரி முழுதாக நிரம்பும்போது அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.2 முதல் 4.4 வோல்ட் வரை உயர்கிறது. இரவு முழுவதும் அந்த நிலையிலேயே கிடந்தால், உள்ளே வேண்டாத வேதிவினைகள் நடந்து, மின்சாரத்தைத் தேக்கும் திறன் சிறிது சிறிதாகக் குறையும். ஆகவே 80 விழுக்காட்டில் நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கைப்பேசியை மாற்றுபவர்கள் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை.

ஐபோன் 15 முதல் வந்த மாடல்களில், செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் உள்ள சார்ஜிங்கில் இந்த வரம்பை வைக்கலாம். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 18இல் 80 முதல் 100 வரை ஐந்தைந்தாக மாற்றிக்கொள்ளவும் முடியும். புதிய சாம்சங் கைப்பேசிகளில் ‘பேட்டரி புரொடெக்‌ஷன்’ என்பதில் ‘மேக்சிமம்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரம்பு வைத்த பிறகும் ஐபோன் எப்போதாவது தானே 100 வரை ஏறும். சார்ஜின் அளவைச் சரியாகக் கணிப்பதற்கான ஏற்பாடு அது, பழுதன்று. இந்த வசதி இல்லாத கைப்பேசியைப் படுக்கைக்குப் போகுமுன் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டாலே போதும்.

நம் டெல்டாவில் வரம்பை வைத்துவிட்டு வெயிலை மறந்தால் பாதிப் பயன்தான் கிடைக்கும். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் குறிப்பிடும் சுற்றுப்புற வெப்பத்தின் மேல்வரம்பு 35 டிகிரி. கத்திரி வெயிலில் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் நிழலிலேயே அதைத் தாண்டிவிடுகிறது. குறுவைக்குத் தண்ணீர் பாய்ச்சும் நாட்களில், தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டியின் மேலேயே கைப்பேசியை வைத்து சார்ஜ் போடுவதைப் பல ஊர்களில் காணலாம். மேலே தகரம் காய்கிறது, சார்ஜ் ஏறும் சூடு அதனோடு சேர்கிறது, தடித்த ரப்பர் உறை அந்தச் சூட்டை வெளியே விடுவதில்லை. உறையைக் கழற்றி, வீட்டுத் திண்ணை நிழலிலோ மின்விசிறிக்கு அடியிலோ வைத்து, கூடுமானவரை விடியற்காலையில் சார்ஜ் செய்யுங்கள். மோட்டாரைக் கைப்பேசியிலேயே இயக்குபவருக்கு 80 மாலை வரை தாங்கவில்லையென்றால், 90 வைத்துக்கொள்வதில் தவறில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் வரம்பை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றிவிட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய வேளையில் பேட்டரியின் ஆயுளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மின்சாரம் சீரான பிறகு மறுபடியும் 80க்கு மாற்றிக்கொள்ளலாம்.