பீர்க்கங்கூட்டைப் பீங்கான் சிற்பமாக்குதல்

முற்றி உலர்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூடான பீர்க்கங்கூட்டை நீரில் நனைத்துப் பிழிந்தபின், கெட்டித் தயிர்ப் பதத்தில் கரைத்து வடிகட்டிய பீங்கான் களிமண் குழம்பில் அமிழ்த்தி, உள்நார்கள் வரை குழம்பு ஏறும்படி விரல்களால் மெல்ல அழுத்த வேண்டும். வலைக்கண்களை அடைக்கும் மிகுதியை உதறி, நிழலில் உலர்த்தி, மீண்டும் ஓரிரு முறை தோய்த்தால்தான் நார் எரிந்தபின் மண்கூடு தானே நிற்கும். ஒரே தோய்ப்பில் முடிப்பவருக்குப் பெரும்பாலும் தூள்தான் மிஞ்சும்.

சூளையில் 600 டிகிரி செல்சியஸ் வரை மணிக்கு 100 டிகிரிக்கு மிகாமல் வெப்பத்தை ஏற்றுவது நல்லது. நார் கருகிப் புகையும் கட்டம் இது என்பதால் காற்றோட்டம் கட்டாயம். 573 டிகிரியையொட்டி மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் சட்டென விரிவதால் அங்கே கூடுதல் நிதானமும் வேண்டும். இடையில் வெளியே எடுத்தால் நொறுங்கக்கூடும் என்பதால், அந்த மண் முழுதாக இறுகும் முதிர்வு வெப்பம் வரை, பீங்கானுக்குப் பொதுவாக 1,220 முதல் 1,300 டிகிரி வரை, ஒரே மூச்சில் சுட்டுவிடலாம். மெருகுப்பூச்சு நார்வரிகளை மூடிவிடும். பூசாமல் விடுவதே அழகு.