கண்ணாடியில் பார்த்து வரைவோம்: மாறிய பார்வைக்குக் கையைப் பழக்கும் முறை

விண்வெளியிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு முதல் சில நாட்கள் நடையே தடுமாறும். எடையற்ற சூழலுக்குப் பழகிய மூளை, கண்ணும், சமநிலையை உணரும் உட்காதும் சொல்வதை மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹூஸ்டனில் உள்ள நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் ஜேக்கப் புளூம்பெர்க் குழுவினர் இதற்காக ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். அசையும் மேடைமேல் டிரெட்மில், எதிரே மாறிக்கொண்டே இருக்கும் திரைக்காட்சி. தடுமாற்றத்தை விதவிதமாகக் கொடுத்துப் பழக்கினால், இதுவரை சந்திக்காத தடுமாற்றத்தையும் சீக்கிரம் சமாளிக்கலாம் என்பதுதான் எண்ணம். இதன் எளிய வடிவத்தை வீட்டு மேசையில் செய்து பார்க்கலாம். இரண்டு பேர் வேண்டும்.

படி 1: ஒரு தாளில் நட்சத்திரம் வரைந்து, அதற்கு வெளியே 1 செ.மீ. தள்ளி இன்னொரு கோடு போடுங்கள். இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். தாளுக்கு அந்தப் பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடியை நிமிர்த்தி வையுங்கள். கை நேரடியாகத் தெரியாதபடி, புத்தக அடுக்குகள்மேல் ஓர் அட்டையை வைத்து மறையுங்கள்.

படி 2: கண்ணாடியை மட்டும் பார்த்து ஒரு சுற்று வரையுங்கள். இடம் வலம் அப்படியே இருக்கும். முன் பின் மட்டும் தலைகீழாகும். அதனால்தான் சாய்ந்த கோடுகளில் கை திணறி நிற்கும். அவசரப்படாதீர்கள், அந்தத் திணறலில்தான் மூளை பழகுகிறது.

படி 3: இதுதான் முக்கியமான கட்டம். ஒருவர் இதே நட்சத்திரத்தை, இதே கண்ணாடி நிலையில் 12 முறை வரையட்டும். மற்றவரும் 12 முறைதான், ஆனால் முக்கோணம், சதுரம், நட்சத்திரம் என்று மாற்றி மாற்றி. கண்ணாடியும் சிலமுறை எதிரே, சிலமுறை இடப்பக்கம். இடப்பக்கம் வைத்தால் இடம் வலம் புரண்டுவிடும். அதற்கேற்ப அட்டையையும் நகர்த்துங்கள். வரிசையாகச் செய்யாமல் கலைத்துப் போட்டுச் செய்ய வேண்டும். இவருடைய தாள்கள் பார்க்க மோசமாகத்தான் இருக்கும். அதை வைத்து யாரையும் குறை சொல்ல வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகளை.

படி 4: மறுநாள் இருவருக்கும் புதிய சோதனை. கண்ணாடியைச் சாய்வாகத் திருப்பி, இதுவரை வரையாத ஒரு வடிவத்தைக் கொடுங்கள். எடுத்த நேரம், கோட்டைத் தாண்டிய எண்ணிக்கை இரண்டையும் குறியுங்கள்.

மாற்றி மாற்றிப் பழகியவர் இந்தப் புதிய சோதனையை நன்றாகச் செய்வார் என்பதுதான் எதிர்பார்ப்பு. இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1978-இல் கெர், பூத் என்ற இரு ஆய்வாளர்கள் 8 வயதுக் குழந்தைகளைச் சிறு பைகளை இலக்கை நோக்கி எறியவைத்தார்கள். 2, 4 அடித் தூரங்களில் பழகியவர்கள், 3 அடியிலேயே பழகியவர்களைவிட அந்த 3 அடியில் நன்றாக எறிந்தார்கள்!

உங்கள் மேசையில் முடிவு வேறு மாதிரி வரலாம். இரண்டு பேரின் இயல்பான கைத்திறனே வித்தியாசப்படும் அல்லவா? அப்படியானால் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள், பக்கவாதத்திலிருந்து மீள்பவர்கள் இதைச் சிகிச்சையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுச் செய்யுங்கள்.