பிரேக்கில் போகிற பெட்ரோல்

கோயம்புத்தூரில் மஞ்சள் போர்டு டிசையர் ஓட்டுகிறேன். பெட்ரோல் வண்டி, ஐந்து கியர். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை பேசிவிட்டால் அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏறாது. டேங்க்கில் மிச்சம் பிடிப்பதுதான் கையில் நிற்கும். சென்னைக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 33 லிட்டர் ஆகும், 18 கொடுத்தால் 28-க்குள் முடிந்துவிடும். லிட்டர் 100 ரூபாய் என்று ரவுண்டாக வைத்தாலே ஒரு வழிக்கு 550 ரூபாய் வித்தியாசம். வண்டி அதே வண்டி, ரோடும் அதே ரோடு.

மைலேஜ் என்றதும் எல்லோரும் ஆக்ஸிலேட்டரை எப்படி மிதிப்பது என்றுதான் கேட்கிறார்கள். நான் பிரேக்கைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். ஆள் ஏறிய கார் ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். அதை 80 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவரச் செலவான பெட்ரோலை, பிரேக்கை மிதித்ததும் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் 80-லிருந்து ஒரு தடவை முழுசாக நிறுத்துவது சுமார் 30 மில்லி, அதாவது மூன்று ரூபாய். 100-லிருந்து நிறுத்தினால் 50 மில்லிக்குப் பக்கம் போகும். குறுக்கே ஆடு வந்தால் மிதித்துத்தான் ஆகவேண்டும், அதில் கணக்குப் பார்க்கக் கூடாது. ஆனால் நாம் மிதிக்கிற பிரேக்கில் பாதிக்கு மேல் முன்னாலேயே தெரிந்த விஷயத்துக்காக மிதிப்பதுதான்.

சேலம் ரோட்டில் விஜயமங்கலம் டோல்கேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது நேற்றும் அங்கேதான் இருந்தது, நாளைக்கும் அங்கேதான் இருக்கும். போர்டு கண்ணில் பட்டதுமே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன். டாப் கியரிலேயே வண்டி உருளும். 80, 70, 60 என்று வேகம் தானாக இறங்கும். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போவார், வரிசையில் எனக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிய நிற்பார். நான் போய்ச் சேரும்போது வரிசை நகர ஆரம்பித்திருக்கும். முழுசாக நிற்காமல் இரண்டாவது கியரிலேயே தாண்டிப் போகிற நாளும் உண்டு. இதற்கு ஒன்றுதான் வேண்டும்: முன்னால் போகிற வண்டியின் டிக்கியைப் பார்த்து ஓட்டாமல், அதற்கும் முன்னால் நாலைந்து வண்டி தள்ளிப் பார்த்து ஓட்ட வேண்டும்.

இப்படி உருளும்போது நியூட்ரல் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் வைத்துக் காலை எடுத்தால் என்ஜினுக்குப் பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர் அதை விடுவதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும். சமதளத்தில் நியூட்ரலில் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் உருளும் என்பது உண்மைதான். ஆனால் அவசரத்துக்கு இழுவை கையில் இருக்காது, நான் அதைச் செய்வதில்லை.

மலையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டுக் காலை எடுத்துவிடுங்கள். அந்தந்த நேரத்து மைலேஜ் காட்டுகிற வண்டியாக இருந்தால் கோடு கடைசி வரை போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். என்ஜின் உர்ரென்று சத்தம் போடுவதால் பெட்ரோல் குடிக்கிறது என்று பயந்து பலர் நியூட்ரலுக்குத் தள்ளுகிறார்கள். அந்தச் சத்தம் சும்மா வருகிற சத்தம். நியூட்ரலில் இறங்குகிறவர் வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தேய்ப்பார், பர்லியாறு வருவதற்குள் பேட் கருகிய வாடை வரும். கொஞ்ச நேரத்தில் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். உயிர் விஷயம், மைலேஜ் அப்புறம்.

ஏறும்போது கதை வேறு. மூன்றாவது கியரில் வண்டி திணறத் திணறத் தரையோடு மிதிப்பதைவிட, இரண்டாவதுக்கு இறக்கிப் பாதி மிதியில் ஏற்றுவது மேல். முழுசாக மிதித்தால் என்ஜினைக் கவனிக்கிற கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகக் கலந்துவிடும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது விதி; அதை மதித்து நடந்தால் வளைவில் நின்று ஹாஃப் கிளட்ச்சில் கிளம்புகிற அவஸ்தை யாருக்கும் இருக்காது. சமதளத்தில் நான் 2000 ஆர்பிஎம் (என்ஜின் நிமிஷத்துக்குச் சுற்றுகிற சுற்று) பக்கத்தில் அடுத்த கியருக்குப் போய்விடுவேன். அதைக் காட்டுகிற மீட்டர் இல்லாத வண்டியில் காதுதான் மீட்டர்.

ஊருக்குள் சிக்னல்தான் பெட்ரோலைத் தின்கிறது. சும்மா ஓடும் சின்ன பெட்ரோல் என்ஜின் நிமிஷத்துக்குப் பத்து மில்லிக்கு மேல் எரிக்கும். அரை நிமிஷத்துக்கு மேல் நிற்பது தெரிந்தால் நான் அணைத்துவிடுகிறேன். பின்னால் குழந்தையோ வயசானவர்களோ இருந்தால் ஏசிக்காக ஓடவிடுவேன். அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை ஜி.டி. நாயுடு மேம்பாலத்தை 2025 அக்டோபரில் திறந்தபிறகு அந்தப் பத்து கிலோமீட்டர் நிம்மதி. டாப் கியரில் ஒரே சீராகப் போகலாம். ஆனால் மேலே ஏறியதும் பறந்து, இறக்கத்தில் பிரேக்கில் ஏறி நிற்கிறவருக்கு மேம்பாலம் ஒன்றும் மிச்சப்படுத்தாது.

ஹைவேயில் எதிரி காற்று. 80-ல் இருக்கும் காற்றுத் தடை 100-ல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். நூறு கிலோமீட்டருக்குக் கணக்கில் கால் மணி நேரம்தான் மிச்சம், அதிலும் பாதியை லாரியும் டோல்கேட்டும் சாப்பிட்டுவிடும். எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அடிக்கும்போது வாளையார் நோக்கிப் போனால் அது நேர் முகத்தில் மோதும். எதிர்க்காற்று 30 என்றால் 80-ல் போகிற வண்டிக்கு அது 110 மாதிரி. தடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த நாட்களில் 70-க்கு இறக்கிவிடுவேன். திரும்பி வரும்போது காற்றே தள்ளிக்கொடுக்கும். இந்த வேகத்தில் ஜன்னலை ஏற்றிவிட்டு ஏசி போடுங்கள், திறந்து வைத்தால் காற்றுத் தடை இன்னும் கூடும்.

சபரிமலை சீசனுக்கு மாட்டிய மேல் கேரியரைத் தை முடிந்தும் கழற்றாமல் சுற்றுகிறவர்கள் அதிகம். காலியாக இருந்தாலும் அது காற்றைப் பிடிக்கும். டயர் காற்றை டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்த்து அடியுங்கள். விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்பதை விட்டுவிடுங்கள். பங்க்கில் டேங்க் பூமிக்கடியில் இருக்கிறது, பகலும் இரவும் அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

இதெல்லாம் பலிக்கிறதா என்று டேஷ்போர்டு காட்டும் நம்பரை மட்டும் நம்பிப் பார்க்காதீர்கள், அது பெரும்பாலும் தாராளமாகவே சொல்லும். டேங்க் ஃபுல் பண்ணி, ட்ரிப் மீட்டரைச் சைபர் ஆக்கி, நாலைந்து நாள் வழக்கம்போல ஓட்டி, அதே பங்க்கில் அதே பம்ப்பில் மறுபடி ஃபுல் பண்ணுங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை ஏறிய லிட்டரால் வகுத்தால் நிஜ மைலேஜ். டேங்க் நிறைந்து பம்ப் தானாக நிற்கிற ஆட்டோகட் விழுந்ததும், ரவுண்டாக்க இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று பங்க் தம்பி கேட்பார். வேண்டாம் தம்பி என்று சொல்லிவிடுங்கள், கணக்கு கெட்டுவிடும்.