டெங்குவுக்குப் பிறகு கொட்டிய முடி

தையில் டெங்கு வந்து தேறினேன். சித்திரையில் சீப்பு நிறைய முடி. வகிடு அகன்றதைக் கண்டு அழுதேவிட்டேன். அம்மம்மா கறிவேப்பிலை எண்ணெய் காய்ச்சித் தந்தா. தோழி மினொக்சிடில் என்ற முடி வளர்க்கும் மருந்தைப் பூசச் சொன்னாள். நல்லவேளை, முதலில் யாழ்ப்பாணத்தில் ஒரு தோல் டொக்டரிடம் போனேன். கடும் காய்ச்சலுக்கு 2, 3 மாதம் கழித்து இப்படிக் கொட்டும், வேர் சாகவில்லை, திரும்ப வளரும் என்றார். மினொக்சிடில் பரம்பரை மெலிவுக்கு நல்லது, ஆனால் நிறுத்தினால் பலன் போய்விடுமாம். சரி, அது வேண்டாம்.

இரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின், அதாவது உடலில் இரும்புச் சேமிப்பு, குறைவு. டொக்டர் தந்த இரும்புச்சத்து மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கினேன். தேத்தண்ணீர் இரும்பைச் சரியாக உறிஞ்சவிடாது என்பதால் அதை 2 மணித்தியாலம் தள்ளிவைத்தேன். மதியம் முருங்கையிலை வறை. எண்ணெயையும் விடவில்லை, அம்மம்மாவின் கைக்காக. ஐப்பசியில் வகிட்டோரம் குட்டி முடிகள் எட்டிப்பார்த்தன.